வென்டிலேட்டர் இருந்தது சரி, கூட வந்தது யார்?

கேள்வி:

டாக்டர், எங்களுக்குத் தென்காசிப் பக்கம். அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா முற்றிப்போய், இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தொண்டைக்குள் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். மறுநாள் காலையில், "இதுக்கு மேல இங்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். வண்டியையும் அவர்களே பேசிவிட்டார்கள். பக்கவாட்டில் பெரிதாக 'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் இருந்தன. ஒரு டிரைவரும், இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பியும் வந்தார்கள். "நீ என்ன தம்பி படிச்சிருக்கே?" என்று கேட்டேன். "பிளஸ் டூ-க்கா. ஓனர் அண்ணன் கூடப் போய்ப் போய்க் கத்துக்கிட்டேன்" என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மெஷின் கத்த ஆரம்பித்தது. அவன் ஒரு பட்டனை அமுக்கினான், சத்தம் நின்றது. திரும்பக் கத்தியது, திரும்ப அமுக்கினான். அடுத்த தடவை கத்தும்போது அப்பாவின் உதடு கறுத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் வந்து பார்த்து, "சிலிண்டர் காலி" என்றார். மாற்றுச் சிலிண்டர் இருந்தது. மாட்டுவதற்கு ஸ்பேனரைக் காணோம் என்று தேடினார்கள். கடவுள் புண்ணியத்தில் அப்பா பிழைத்துவிட்டார். இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறார்.

ஆம்புலன்ஸில் இன்ன படிப்புப் படித்தவர்தான் வர வேண்டும் என்று சட்டமே கிடையாதா? எங்களைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும்? இன்னொன்று: என் அண்ணன் மகன் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறான். 108-ல் மருத்துவ உதவியாளராகச் சேரப் போகிறேன் என்கிறான். அந்தத் தம்பியைப் பார்த்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. சேர விடலாமா?

- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அப்பா வீடு திரும்பியது பெரிய நிம்மதி. அந்த டிரைவருக்கு ஒரு நன்றி சொல்லலாம். வண்டியில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரோ முன் சீட்டில் இருந்தார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொன்னால், வண்டிக்குத் தரநிலை கறாராக இருக்கிறது. வண்டிக்குள் உட்காருகிறவர் விஷயத்தில் அந்தக் கறார் இல்லை.

ஆம்புலன்ஸ் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தேசிய விதிமுறை இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. அது ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ வகை, முதலுதவியாளர் விரைந்து போய்ச் சேர்வதற்கு. பி வகை, வழியில் உயிருக்கு ஆபத்து வராது என்று எதிர்பார்க்கப்படும் நோயாளிகளுக்கு. டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டு வீடு திரும்புகிறவர் போன்றோர். சி வகைதான் பி.எல்.எஸ்., அதாவது அடிப்படை உயிர்காப்பு வண்டி. டி வகை ஏ.எல்.எஸ்., மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. மூச்சுக்குழாயில் டியூப் போட்டவர், இடைவிடாமல் கண்காணிக்க வேண்டியவர் எல்லாம் இதில்தான் போக வேண்டும். ஸ்ட்ரெச்சரை எப்படிப் பூட்ட வேண்டும், உள்ளே வெளிச்சம் எவ்வளவு, சைரன் எப்படி, எந்த வகை வண்டியில் என்னென்ன கருவிகள் என்பது வரை அதில் இருக்கிறது. 'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்று ஒரு வகை அதில் இல்லை. பெயின்டர் எழுதித் தந்த பெயர் அது.

ஆட்களைப் பொறுத்தவரை, 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் பணியாளர்களுக்காக ஒரு சட்டம் நிறைவேற்றியது. தேசியத் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் என்று நீளமான பெயர். அவசர மருத்துவ டெக்னாலஜிஸ்ட், பாராமெடிக் ஆகியோரெல்லாம் அதன் பட்டியலில் வருகிறார்கள். துணை மருத்துவப் பணியாளர் எனப்படுகிறவருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில்முறையாளர் எனப்படுகிறவருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சாலையில் நிலைமை வேறு. வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. பார்ப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டு ஒரு தனியார் ஆம்புலன்ஸை யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

உச்ச நீதிமன்றம் இதைத் தொடாமல் இல்லை. 1992-ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலமாக அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக அலைந்தும், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தனியாரில் சேர்ந்தார். அந்த வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் ஏற்பாடு இருக்க வேண்டும், அதில் போதுமான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்றது. அப்போதே கருவியையும் ஆளையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். கருவி வந்துவிட்டது. அதைக் கடனுக்கு வாங்கலாம், வண்டியில் பொருத்திவிட்டுப் படம் எடுத்துப் போடலாம். பயிற்சி பெற்றவருக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1966-ல் அவர்களுடைய தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட ஓர் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை இறுதிச் சடங்கு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன என்று போட்டு உடைத்தது. ஓர் ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்சி கொடுத்து 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்க உதவினார். பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். போலீஸ் வேன் நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்த ஊரில், அவர்கள் வழியிலேயே சிகிச்சை தொடங்கினார்கள். பின்னால் நாடு முழுவதற்கும் வந்த பயிற்சித் திட்டத்துக்கு அது முன்னோடி. நம் ஊரில் ஃப்ரீசர் பாக்ஸும் அமரர் ஊர்தியும் ஆம்புலன்ஸும் ஒரே ஓனரிடம், ஒரே செல் நம்பரில் கிடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1966 அறிக்கை ஞாபகம் வரும். ஆகவே பிளஸ் டூ படித்த பையன் என்பது குற்றமில்லை. அவனுக்கு யாரும் பயிற்சி கொடுக்காமல் வண்டியில் ஏற்றியதுதான் குற்றம்.

இனி உங்கள் வண்டிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். கடிதத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது கணக்குப் போட்டால் பிடிபடுகிற விஷயம்.

ஆம்புலன்ஸ்களில் பரவலாக இருப்பது பி டைப் சிலிண்டர் (மேலே சொன்ன பி வகை வண்டி வேறு, இது வேறு). அதன் உள் கொள்ளளவு 10 லிட்டர். முழுதாக நிரப்பினால் அழுத்தமானியின் முள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ காட்டும். இரண்டையும் பெருக்கினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். முள் பாதியில் நின்றால் 750 லிட்டர்தான். நுரையீரல் மோசமான ஒருவருக்கு வென்டிலேட்டர் முழு ஆக்சிஜனில் ஓடும்போது நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். 1,800 லிட்டர் வேண்டும். முழு பி டைப் சிலிண்டரே இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரம்பிய சிலிண்டர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான் தீரும். வழியில் ரயில்வே கேட், டிராஃபிக், டயர் பஞ்சர் எல்லாம் உண்டு என்பதால், தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு ஏற்றிக்கொள்வது வழக்கம். 3,600 லிட்டர் என்றால் மூன்று பி டைப், அல்லது 7,000 லிட்டர் பிடிக்கிற ஒரு டி டைப் பெரிய சிலிண்டர்.

இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஆனால் ஸ்ட்ரெச்சர் ஏறும் முன்பே போட்டாக வேண்டும் என்பதும், ஸ்பேனர் சிலிண்டரோடு சங்கிலியில் கட்டித் தொங்க வேண்டும் என்பதும் பயிற்சியில் மட்டுமே வரும். முறையாகப் படித்த இ.எம்.டி. (அவசர மருத்துவ டெக்னீஷியன்) ஷிஃப்ட் ஏறியதும் செய்கிற முதல் வேலையே இதுதான். ஒவ்வொரு சிலிண்டரையும் திறந்து முள்ளைப் பார்ப்பார், சக்‌ஷன் மெஷினைப் போட்டுப் பார்ப்பார், கையால் மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக்கைக் கையில் அமுக்கிப் பார்ப்பார், பார்த்ததைச் செக்-லிஸ்டில் எழுதுவார்.

அடுத்தது அலாரம். அந்தத் தம்பி அமுக்கியது சத்தத்தை அடக்குகிற பட்டன். பெரும்பாலான மெஷின்களில் இரண்டு நிமிடம்வரை சத்தம் அடங்கியிருக்கும், கோளாறு அப்படியே இருக்கும். உங்கள் அப்பா அப்படிச் சில நிமிடங்களை இழந்திருக்கிறார். வென்டிலேட்டர் கத்தினால் மெஷினைப் பார்க்கக் கூடாது, முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? டியூப் நழுவியிருக்கிறதா? வாயருகே டியூபில் சென்டிமீட்டர் குறி இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் 22, 23-ல் கட்டியிருப்பார்கள். வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதும், வண்டி ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும்போதும் அது நகரும். சளி அடைத்திருக்கிறதா? ஒரு பக்க நெஞ்சு மட்டும் ஏறாமல் நிற்கிறதா? எதுவும் புரியவில்லை என்றால் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு அம்பு பேக்கை மாட்டிக் கையால் மூச்சு கொடுக்க வேண்டும். ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் அறைக் காற்றை வைத்து அம்பு பேக் வேலை செய்யும். ஸ்பேனர் தேடிய நேரத்தில் ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும்.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? தீவிர சிகிச்சை நோயாளியை ஊர் மாற்றும்போது ஓட்டுநரைத் தவிரக் குறைந்தது இரண்டு பேர் கூடப் போக வேண்டும் என்று 2004-லேயே அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் வழிகாட்டி சொல்லிவிட்டது. காரணம் எளிது. வழியில் இதயம் நின்றுவிட்டால் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் மூச்சு கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஓடுகிற வண்டியில் தனி ஆளாக இதைச் செய்ய யாராலும் முடியாது, எம்.டி. படித்த நானே ஆனாலும் முடியாது. நம் நடைமுறைக்கு இறங்கிவந்து சொன்னால், டியூப் போட்ட நோயாளியோடு வென்டிலேட்டர் தெரிந்த ஒரு டாக்டரோ, ஐசியூவில் வேலை பார்த்த நர்ஸோ, மேம்பட்ட பயிற்சி பெற்ற டெக்னீஷியனோ ஒருவர். அவருக்குக் கை கொடுக்க ஓர் இ.எம்.டி. இதற்குக் குறைந்தால் அந்த நோயாளியை நகர்த்தக் கூடாது என்பது என் கருத்து.

இதை யார் உறுதி செய்ய வேண்டும்? உங்கள் கடிதத்தில் வண்டிக்காரர் மேல் கோபம் தெரிகிறது. எனக்கு அனுப்பிய மருத்துவமனை மேல்தான் அதிகக் கோபம் வருகிறது. நோயாளி நிலைமை முழுதாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வண்டியைப் பேசியவர்களும் அவர்களே. தங்கள் ஐசியூவில் ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்ட நோயாளியை, வாசல் தாண்டியதும் பிளஸ் டூ பையனிடம் ஒப்படைப்பதில் அவர்களுக்கு உறுத்தல் இல்லாமல் போனது எப்படி? தன் நர்ஸை அனுப்பினால் ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான், சின்ன ஊர்களில் அது நிஜமான கஷ்டம். அப்படியென்றால் ஆள் வைத்திருக்கிற வண்டியாகப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

இனி ஒருமுறை உங்களுக்கோ அக்கம்பக்கத்திலோ இப்படி நேர்ந்தால், "வண்டியில் வென்டிலேட்டர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "பின்னால் யார் வர்றாங்க, என்ன படிச்சிருக்காங்க, இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தாங்க?" என்று கேளுங்கள். பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். "எத்தனை சிலிண்டர், முழுசா இருக்கா, நான் முள்ளைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அனுப்புகிற டாக்டரிடம், "மதுரையில எந்த டாக்டர்கிட்ட பேசினீங்க, படுக்கை உறுதியா?" என்று கேட்டு அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த மருந்து, வென்டிலேட்டர் செட்டிங், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய மாற்றுக் கடிதம் கையில் வராமல் வண்டி கிளம்பக் கூடாது. சிலர் முகம் சுளிப்பார்கள், "இப்ப கேள்வி கேக்குற நேரமா?" என்பார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும். டியூப் போட்டு, பிரஷர் நிலையாக இருக்கிற நோயாளிக்கு அந்த ஐந்து நிமிடத்தால் கெடுதல் வராது. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தப்போக்கு போன்றவற்றில் நிமிடம் முக்கியம். அங்கே 108-ஐ அழைத்துவிட்டுக் கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

108 பற்றி. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள். வண்டிக்கு ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு பைலட், அதாவது ஓட்டுநர். ஆள் இல்லாமல் அந்த வண்டி கிளம்பாது என்பதே பெரிய ஆறுதல். தனியாரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதாக இருந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். ஆனால் பெரும்பாலானவை பி.எல்.எஸ். வண்டிகள், வென்டிலேட்டர் உள்ள ஏ.எல்.எஸ். வண்டி குறைவு, கேட்ட நேரத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் இருப்பதும் ஒரே ஆள்தான். 12 மணி நேர ஷிஃப்ட் வேறு.

உங்கள் அண்ணன் மகனுக்கு வருவோம். 108 ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் நர்சிங், டி.எம்.எல்.டி. (ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் மருத்துவ உதவியாளராக எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறு, முதலுதவி பற்றிய நேர்முகம் எல்லாம் உண்டு. தேர்வானால் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்கு 10 நாள். 50 நாளில் பிரசவம் பார்க்க, எலும்பு முறிவைக் கட்ட, சி.பி.ஆர். செய்ய, பாம்புக்கடிக்காரரைப் பதறாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு புத்திசாலிப் பையன் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர்களைத் தினமும் என் கேஷுவாலிட்டி வாசலில் பார்க்கிறேன். நோயாளியை இறக்கும்போதே ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை மணிக்குக் கடித்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சில நாட்களில் என் ஹவுஸ் சர்ஜன்களைவிடத் தெளிவாக இருக்கும். வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகக் கொண்டுபோக 50 நாள் போதாது. ஜெர்மனியில் இதே வேலையின் உயர்ந்த நிலைக்கு 2014 முதல் மூன்று ஆண்டுப் படிப்பு வைத்திருக்கிறார்கள்.

சேரட்டும், தாராளமாகச் சேரட்டும். பயிற்சியில் மருத்துவமனைப் பகுதி வரும்போது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காமல், ஐ.வி. போட, அம்பு பேக் பிடிக்க, பிரசவ அறையில் நிற்க முன்னால் போய் வாய்ப்புக் கேட்கச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகும் படிப்பை விடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்ஸி. பட்டமே இருக்கிறது. 2021 சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது பதிவு கேட்பார்கள், எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்பார்கள். விலங்கியல் பட்டமும் 50 நாள் சான்றிதழும் மட்டும் வைத்திருப்பவர்கள் அப்போது திண்டாட வேண்டியிருக்கும். வயது இருக்கும்போதே ஏதாவது ஒன்றை முடித்துக்கொள்வது அவனுக்கு நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பிய மருத்துவமனையிடம் எழுத்து மூலமாக அப்பாவின் மருத்துவ ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. அதில் மாற்றியனுப்பிய குறிப்பு இருக்கிறதா, கூட யாரை அனுப்பினோம் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள். வாங்காவிட்டால் ஜி-பே விவரமாவது இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால் மருத்துவமனையையும் வண்டி ஓனரையும் சேருங்கள், அந்தத் தம்பியை விட்டுவிடுங்கள்.